திறந்து காட்ட ஓர் ஆள் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறையை ஒட்டித் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கலைச் சுற்றுலாப் பக்கத்தை ஆவலோடு படித்தேன். மாமல்லபுரம், தஞ்சாவூர், மதுரை, கங்கைகொண்ட சோழபுரம் என்று அதில் சொல்லப்பட்ட ஊர்கள் எல்லாம் பார்க்க வேண்டியவையே; அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் தஞ்சையிலிருந்து பேருந்தில் ஒன்றரை மணி நேரத்தில் வந்து சேரக்கூடிய புதுக்கோட்டை மாவட்டத்தின் ஊர் ஒன்றுகூட அந்தப் பக்கத்தில் இடம்பெறவில்லை என்பது, இம்மாவட்டத்தின் அரசுப் பள்ளிகளில் 29 ஆண்டுகள் ஓவிய ஆசிரியராக வேலை பார்த்து ஓய்வு பெற்ற எனக்கு வருத்தமாக இருந்தது. கட்டுரையாளரை மட்டும் குறை சொல்லி இதை எழுதவில்லை. அவர் இங்கே வந்திருந்தாலும், பாதி இடங்களில் பூட்டைப் பார்த்துவிட்டுத்தான் திரும்பியிருப்பார். அந்தப் பூட்டைப் பற்றித்தான் எழுத விரும்புகிறேன்.

புதுக்கோட்டை நகரத்தை நடுவில் வைத்து 40 கிலோமீட்டர் அளவுக்கு ஒரு வட்டம் போட்டால், அதற்குள் சித்தன்னவாசல், குடுமியான்மலை, நார்த்தாமலை, கொடும்பாளூர், திருமயம், மலையடிப்பட்டி ஆகியவை எல்லாம் அடங்கிவிடும். சமணர் ஓவியம், இசைக் கல்வெட்டு, முத்தரையர் என்னும் குறுநிலத் தலைவர்கள் கட்டிய கற்கோயில், இருக்குவேளிர் என்னும் தலைவர்கள் எழுப்பிய மூவர் கோயில், பாறையைக் குடைந்து செய்த குடைவரைகள், கோட்டை என்று ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுக் கலை வரலாறு ஒரே சீமைக்குள் கிடக்கிறது. திருக்கோகர்ணத்தில் 1910ஆம் ஆண்டிலேயே தொடங்கப்பட்ட அருங்காட்சியகமும் இருக்கிறது. இவ்வளவு இருந்தும், வெளியூர் நண்பர்கள் என்னிடம் கேட்கும் கேள்வி, “உங்கள் ஊரில் பார்க்க என்ன இருக்கிறது?” என்பதுதான்.

சித்தன்னவாசலை முதலில் எடுத்துக்கொள்கிறேன். இதுவே இவ்வட்டாரத்தில் நன்கு அறியப்பட்டது, தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பது, காவலர்களும் உள்ள இடம். புதுக்கோட்டையிலிருந்து ஏறக்குறைய 16 கிலோமீட்டர் தொலைவில், அன்னவாசல் போகும் வழியில், மரமில்லாத பாறை முதுகாக நீண்டு கிடக்கும் குன்றின் மேற்குச் சரிவில் அறிவர் கோயில் என்னும் சிறு குடைவரை இருக்கிறது. வெளியே பாறை வெயிலில் கண் கூசும். அப்படியே உள்ளே நுழைந்து அண்ணாந்து பார்ப்பவருக்கு விதானத்தில், அதாவது மேற்கூரையில், பழுப்பும் பச்சையுமாய்க் கறைகள் மட்டுமே தெரியும். வருகிறவர்களில் பெரும்பாலோர் அந்த நிலையிலேயே இரண்டு படங்களைக் கைப்பேசியில் பிடித்துக்கொண்டு வெளியேறிவிடுகிறார்கள். நான் மாணவர்களை அழைத்துப் போகும்போதெல்லாம், உள்ளே நுழைந்ததும் தரையில் உட்கார வைத்து, இரண்டு நிமிடம் கண்களை மூடச் சொல்வேன். பிறகு கண்ணைத் திறந்து மேலே பார்த்தால், முதலில் தாமரை இலையின் பச்சை எழும். அடுத்து மலரின் சிவப்பு. அதற்குப் பிறகுதான் இலைகளுக்கு நடுவே மீன் தெரியும், அன்னம் தெரியும், எருமையும் யானையும் தெரியும். கடைசியாக அந்தப் பொய்கைக்குள் இறங்கிப் பூப்பறிக்கும் மூன்று ஆடவரின் முகம் தெரியும். சமவசரணம் என்று சமண நூல்கள் சொல்லும் தெய்வீகச் சபையைச் சேர்ந்த தாமரைக் குளம் அது என்றும், பூப்பறிப்பவர்கள் வீடுபேற்றுக்குத் தகுதி பெற்ற பவியர் என்றும் அறிஞர்கள் விளக்குகிறார்கள். அந்த விளக்கம் தெரியாத ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும், ஒரு தாமரைத் தண்டு இலைகளுக்கு அடியில் வளைந்து போய் வேறோர் இடத்தில் மொட்டாக எழும் கோட்டின் அழகு புரிந்துவிடுகிறது. தூரிகை பிடித்த கைக்கு அந்தக் கோடு எவ்வளவு கடினம் என்பது தெரியும். தயங்கிய தடம் அதில் எங்கும் இல்லை.

முகப்புத் தூண்களில் ஆடல் மகளிர் இருவரும், அரசன் அரசி என்று கருதப்படும் உருவங்களும் மங்கலாக எஞ்சியிருக்கின்றன. இவை பல்லவன் மகேந்திரவர்மன் காலத்தவை என்று ஒரு காலத்தில் நம்பப்பட்டது. முகப்பின் அருகே உள்ள கல்வெட்டு, அவனிபசேகரன் ஸ்ரீவல்லபன் என்னும் பாண்டியன் காலத்தில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்பவர் இக்கோயிலைப் புதுப்பித்ததைச் சொல்கிறது. ஆகவே ஓவியங்களும் 9ஆம் நூற்றாண்டின் பாண்டியர் பணி என்பதே இன்று பெரிதும் ஏற்கப்படும் கருத்து. 1920ஆம் ஆண்டளவில் கோபிநாத ராவும் பிரெஞ்சு அறிஞர் ழுவோ துப்ரேயும் எடுத்துக் காட்டிய பிறகே உலகம் இதைத் திரும்பிப் பார்த்தது. பின்னர் சென்னை அருங்காட்சியகத்தின் வேதியியலாளர் பரமசிவன் இந்தச் சுதை என்னும் சுண்ணாம்புப் பூச்சையும் வண்ணங்களையும் ஆராய்ந்தார். குன்றின் மறுபுறம், பாறையில் வெட்டிய ஏழு படிகளால் ஏழடிப்பட்டம் என்று பெயர் பெற்ற இயற்கைக் குகை இருக்கிறது. அதில் சமண முனிவர்கள் படுத்த 17 கற்படுக்கைகளும், அவற்றுள் ஒன்றில் கிறித்து பிறப்பதற்கும் முற்பட்டதாகக் கருதப்படும் தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்துக் கல்வெட்டும் உள்ளன. கற்படுக்கைக்கும் தாமரைக் குளத்துக்கும் இடையில் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் ஓடியிருக்கின்றன என்று சொன்னால், மாணவர்கள் அந்தக் குன்றையே வேறு கண்ணால் பார்க்கத் தொடங்குவார்கள்.

சொல்ல ஆள் இருந்தால் ஓர் இடம் எப்படி மாறுகிறது என்பதற்கு அறிவர் கோயிலிலேயே ஒரு சான்று உண்டு. அதன் கருவறைக்குள் நின்று மெல்லிய குரலில் ஓங்கார ஒலி எழுப்பினால், அறை முழுவதும் அந்த ஒலி அதிர்ந்து நம் உடம்பிலும் ஏறும். அங்கே பணியில் இருக்கும் காவலர்கள் பல ஆண்டுகளாகத் தாங்களாகவே இதை வருகிறவர்களுக்குச் செய்து காட்டுகிறார்கள். சித்தன்னவாசல் போய்வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். தாமரைக் குளத்தை மறந்தவர்கள்கூட அந்த அதிர்வை மறந்திருக்க மாட்டார்கள். அதே அக்கறையோடு விதானத்தையும் ஒருவர் காட்டினால், அடிவாரப் பூங்காவிலும் படகிலும் இரண்டு மணி நேரத்தைச் செலவிட்டு, ஓவியத்துக்கு ஐந்து நிமிடம் ஒதுக்கும் குடும்பங்கள் அந்தக் கணக்கை மாற்றிக்கொள்ளும் என்று உறுதியாக நம்புகிறேன்.

குடுமியான்மலையில் நிலைமை இன்னும் வருத்தத்துக்குரியது. சிகாநாதர் கோயிலின் பின்புறக் குன்றில், மேலைக்கோயில் என்னும் குடைவரைக்குப் பக்கத்துப் பாறையில், 38 வரிகளில் இசைச் சுரங்களை வெட்டி வைத்திருக்கிறார்கள். வடமொழி எழுதப் பயன்பட்ட கிரந்த எழுத்தில் அமைந்த அந்தக் கல்வெட்டு ஏழு இராகங்களுக்கு ஏழு பகுதிகளாகப் பிரிந்து, நான்கு நான்கு சுர எழுத்துகளாக நடக்கிறது. ஒவ்வொரு சுரமும் அகரம், இகரம், உகரம், எகரம் ஆகிய நான்கு உயிர்களோடும் சேர்ந்து வருவது அதன் தனிச்சிறப்பு. உருத்திராசாரியரின் மாணவனான ஓர் அரசன் கற்போர் நலம் கருதி இதைச் செய்ததாகக் கல்வெட்டே சொல்கிறது. இறுதியில் “எட்டிற்கும் ஏழிற்கும் இவை உரிய” என்று தமிழில் ஒரு தொடரும் இருக்கிறது. மாணவருக்காகப் பாறையில் எழுதிவைத்த பாடநூல் என்றே இதைச் சொல்லலாம். இப்படி ஒன்று இருக்கிறது என்பது, முன் மண்டபத்துத் தூண் சிற்பங்களை வியந்து பார்த்துவிட்டுச் சாமி கும்பிட்டுத் திரும்பும் அன்பர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? அங்கே போய் நின்றாலும், கம்பி வேலிக்கு அப்பால் கறுத்த பாறையில் ஏதோ எழுத்து என்பதற்கு மேல் அவர்களுக்கு என்ன விளங்கும்? ஒருமுறை எங்கள் பள்ளியின் இசை ஆசிரியை எங்களோடு வந்திருந்தார். அந்தச் சுரக்கட்டுகளில் சிலவற்றை, இன்று நாம் பாடுகிற முறையில் இதை முழுமையாக மீட்க முடியாது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு, மாணவிகளுக்கு நிதானமாகப் பாடிக் காட்டினார். அன்றைக்குத்தான் எனக்கே அந்தப் பாறை காதில் கேட்டது.

நார்த்தாமலையைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் அதைச் சொல்லில் எழுப்புவது கடினம். மேல்மலையின் வெட்ட வெளிப் பாறைமேல் தன்னந்தனியாக நிற்கும் விசயாலய சோழீச்சரத்தில், சதுரமான விமானத்துக்குள் கருவறை வட்டமாக அமைந்திருக்கிறது. அதைக் கட்டியவர் சாத்தன் பூதி என்னும் முத்தரையர் தலைவர். மழையாலும் இடியாலும் சேதமுற்றதை மல்லன் விடுமன் என்பவர் புதுப்பித்ததாக அங்குள்ள கல்வெட்டு தெரிவிக்கிறது. எதிரே உள்ள சமணர் குடகு என்னும் குடைவரையில் 12 திருமால் உருவங்கள் வரிசையாக நிற்கின்றன. மாலை நான்கரை மணிக்கு மேல் சாய்ந்த வெயில் பட்டால் ஒழிய சோழீச்சரத்தின் செதுக்கு முழுமையாகத் தெரியாது. அந்த நேரத்தில் அங்கே இருந்துவிட்டு இருட்டுவதற்குள் இறங்கி, பேருந்தைப் பிடிப்பது எப்படி என்பதை ஊர்க்காரர் ஒருவர் சொன்னால்தான் வெளியூர்க்காரருக்குத் தெரியும்.

இனிப் பூட்டுக்கு வருகிறேன். பல ஆண்டுகளுக்கு முன், எட்டாம், ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் 40 பேரை வேன் வைத்து ஒரு கோயிலுக்கு அழைத்துப் போனேன். அதன் பெயரை இங்கே சொல்லத் தேவையில்லை. உள் மண்டபத்துச் சுவரில் நாயக்கர் கால ஓவியங்கள் இருப்பதைப் பல ஆண்டுகளுக்கு முன்பே பார்த்திருந்தேன். போய்ச் சேர்ந்தபோது கதவு பூட்டியிருந்தது. திறவுகோல் குருக்களிடம் இருப்பதாகவும், அவர் பக்கத்து ஊரில் ஒரு புதுமனைப் புகுவிழாவுக்குப் போயிருப்பதாகவும் கடைக்காரர் சொன்னார். மதியம் வரை காத்திருந்தோம், அவர் வரவில்லை. பிள்ளைகள் கம்பிக் கதவின் இடுக்கில் டார்ச் அடித்து முறைவைத்துப் பார்த்தார்கள். ஒரு மாணவன், இடுக்கின் வழியே தனக்குத் தெரிந்த அளவை மட்டும், ஒரு பாதமும் சிலம்பும் சேலையின் கரையும், வரைநோட்டில் வரைந்து கொண்டுவந்து காட்டினான். அந்தத் தாள் இன்றும் என்னிடம் இருக்கிறது.

குருக்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஒருகால பூசைக் கோயில்கள் மூன்றுக்கும் நான்குக்கும் ஒருவரே மொபெட்டில் அலைந்து விளக்கேற்றுகிறார். அவருக்குக் கிடைக்கும் சொற்பத் தொகையில் குடும்பம் நடக்காது. நல்ல காரியம், கெட்ட காரியம் என்று வெளியே போய்த்தான் ஆகவேண்டும். பூசைக்காகத் திறந்து, பூசை முடிந்ததும் பூட்டுவது அவர் கடமை. ஓவியம் காட்டுவது அவர் வேலையென்று யாரும் அவரிடம் சொல்லவில்லை, அதற்கு ஒரு ரூபாயும் தரவில்லை. சிலை திருட்டுப் பயமும் உண்மையான பயம். ஆகவே பூட்டு இருக்கட்டும். அதைத் திறக்கவும், திறந்தபின் உடன் நிற்கவும், என்ன பார்க்கிறோம் என்று சொல்லவும் பொறுப்புள்ள ஓர் ஆள் ஊருக்கு ஊர் வேண்டும் என்பதே என் கோரிக்கை. ஓவியமோ கல்வெட்டோ சிற்பமோ உள்ள சிற்றூர் ஒவ்வொன்றிலும், கலையோ வரலாறோ தமிழோ படித்துவிட்டு வேலையின்றி இருக்கும் இளைஞர்களும் பெண்களும் இருக்கிறார்கள். அவர்களில் இருவருக்குத் திருக்கோகர்ணம் அருங்காட்சியகத்தில் சில வாரப் பயிற்சி கொடுத்து, மாதச் சம்பளத்தில் அமர்த்தலாம். கதவருகே ஒரு பலகையில் எந்த நாள், எந்த நேரம் திறந்திருக்கும், யாரை அழைக்க வேண்டும் என்று எழுதிவைக்கலாம். பல கோடியில் வரவேற்பு வளைவும் செயற்கை நீரூற்றும் கட்டுவதற்கு முன்னால் செய்திருக்க வேண்டிய வேலை இது.

கதவைத் திறக்கச் சொல்வதால், கூட்டத்தைக் கட்டுப்பாடின்றி உள்ளே விடச் சொல்கிறேன் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. சுதை மேல் தீட்டிய ஓவியம் மிக மெல்லிய தோல் போன்றது. பலரின் மூச்சு ஈரமும் எண்ணெய் விளக்கின் புகையும் கைபட்ட வியர்வையும் அதைத் தின்னும். சித்தன்னவாசலிலேயே பழைய காலத்தில் பெயர் கிறுக்கியவர்களின் கீறல்களைப் பார்த்திருக்கிறேன். தஞ்சைப் பெரிய கோயிலில், 1931இல் கோவிந்தசாமி கண்டறிந்த சோழர் ஓவியங்கள் உள்ள சுற்று அறை பொதுமக்களுக்குத் திறக்கப்படுவதில்லை. அதற்கான காரணத்தை நான் ஏற்கிறேன். திருநெல்வேலி மாவட்டத்தில் திருப்புடைமருதூர் நாறும்பூநாதர் கோயிலின் ஐந்து நிலைக் கோபுரத்துக்குள், ஒவ்வொரு நிலையிலும் சுவர் முழுவதும் ஓவியங்களும் நுட்பமான மரச் சிற்பங்களும் இருக்கின்றன; போர்க் காட்சிகளும், குதிரைகளை ஏற்றி வந்த கப்பலும் அங்கே தீட்டப்பட்டுள்ளன. குறுகிய படிகளில் ஒரே நேரத்தில் சிலர் மட்டுமே ஏற முடியும். இப்படிப்பட்ட இடத்தில் பத்துப் பேருக்கு மேல் விடக் கூடாது, முன்பதிவு வேண்டும், உடன் ஒருவர் ஏற வேண்டும் என்று விதி வைத்தால் அதை வரவேற்பேன். ஓவியத்தை நேரில் காட்ட முடியாத இடங்களில் நல்ல நகலை வெளி மண்டபத்தில் வைப்பதும் பயன் தரும். திருவாரூர் தேவாசிரிய மண்டபத்து விதானத்தில் முசுகுந்தன் கதையைத் தீட்டிய சிங்காதனம் என்னும் ஓவியர், தம் பெயரையும் அங்கேயே எழுதிவிட்டுப் போயிருக்கிறார். பெயர் தெரிந்த ஓவியர் நம் பழஞ்சுவர்களில் மிக அரியவர். அந்தப் பெயர் எழுதிய இடத்தை அண்ணாந்து காட்ட ஒருவர் இருந்தால் அது எவ்வளவு பெரிய காரியம்!

பூட்டிக் கிடக்கும் இடத்தில் இன்னொரு தீங்கும் நேர்கிறது. யாரும் பார்க்காத ஓவியத்தை அழித்தால் கேட்பாரும் இருப்பதில்லை. திருப்பணி என்ற நல்ல எண்ணத்தில் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து ஓவியத்தை மூடிய ஊர்கள் உண்டு. மணலைப் பீய்ச்சித் தூணைத் துலக்கிக் கல்வெட்டின் எழுத்தைத் தேய்த்த ஊர்களும் உண்டு. விழுப்புரம் மாவட்டத்துக் கீழ்வாலையில் பாறையில் செங்காவியால் தீட்டிய தொல்பழங்கால ஓவியங்களுக்கு அருகில் கல் உடைத்ததால் ஏற்பட்ட கேடு பலமுறை செய்தித்தாள்களில் வந்ததுதான். ஊர்ப் பிள்ளை ஒருவர் அதைத் தினந்தோறும் வெளியூர்க்காரருக்குக் காட்டி, அதனால் ஊருக்குள் நாலு பேர் வந்து போய்க்கொண்டிருந்தால், முதல் உளி விழும்போதே ஊர் தட்டிக் கேட்டிருக்கும்.

கோயிலுக்கு வெளியே, வெட்ட வெளியில் இருக்கும் கலையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனெனில் அங்கே பூட்டே இல்லை. ஆனாலும் விளக்க ஆளில்லாத குறை இருக்கிறது. எங்கள் பகுதியில் கண்மாய்க்கரைகளிலும் காட்டோரங்களிலும் ஐயனாருக்குச் சுடுமண் குதிரைகள் வரிசை வரிசையாய் நிற்கின்றன. புரவி எடுப்பு என்னும், குதிரைகளைக் கோயிலுக்குக் கொண்டுபோய் வைக்கும் விழாவுக்கு நாள் குறித்ததும் ஊரார் பிடிமண் எடுத்து வேளார் என்னும் குயவரிடம் கொடுப்பார்கள். அந்த மண்ணைத் தம் களிமண்ணோடு சேர்த்துத்தான் அவர் வேலையைத் தொடங்குவார். கால்களை முதலில் உருளைகளாக நிறுத்தி, அவை இறுகிய பின் உடலை ஏற்றி, கடைசியாகக் கழுத்தையும் தலையையும் வைப்பார். உள்ளே கூடாக இருந்தால்தான் சூளையில் வெடிக்காது. சக்கரம் பாதி, கை பாதி என்று, நின்ற நிலையிலேயே ஓர் ஆள் உயரத்துக்கு மேல் மண்ணை எழுப்பும் திறமையை எந்தக் கலைக் கல்லூரியும் எளிதில் கற்றுக்கொடுத்துவிடாது. கண் திறந்து, மாலை போட்டு, ஊரார் தோளில் சுமந்து கோயிலுக்குக் கொண்டுபோய் வைத்த பிறகு அந்தக் குதிரை வெயிலுக்கும் மழைக்கும் உரியது. உடைந்தால் யாரும் ஒட்டுவதில்லை; அடுத்த எடுப்புக்குப் புதிது வரும். இது தெரியாமல், “இவ்வளவு அழகான சிலைகளைப் பராமரிக்காமல் விட்டுவிட்டார்களே” என்று இரங்குகிறவர்களையும், உடைந்து கிடப்பதுதானே என்று ஒரு தலையை எடுத்துக் காரில் வைத்துக்கொள்கிறவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். இரண்டுமே தவறு. கீரமங்கலத்தை அடுத்த குளமங்கலத்தில், பெருங்காரையடி மீண்ட ஐயனார் கோயிலின் மிகப் பெரிய குதிரைக்கு மாசி மகத்தன்று காகிதப் பூமாலைகள் வந்து குவிந்து உடல் முழுதும் மூடிவிடும். அந்த நாளில் போனால் நம்பிக்கையும் கலையும் பிரியாமல் இருப்பது எப்படி என்று கண்ணால் பார்க்கலாம். எனக்குள்ள ஒரே கவலை, பல ஊர்களில் சுடுமண்ணுக்குப் பதில் சிமென்டுக் குதிரைகள் வந்துகொண்டிருப்பதுதான். சிமென்டுக் குதிரைக்கு அடுத்த எடுப்பு தேவைப்படாது. எடுப்பு இல்லாவிட்டால் வேளாருக்கு வேலை இல்லை. அவர் மகன் வேறு ஊருக்கு வேறு வேலைக்குப் போய்விடுவான்.

காரைக்குடியை அடுத்த ஆத்தங்குடியில் மட்டும் ஓரளவு வேறு மாதிரி நடக்கிறது. செட்டிநாட்டு வீடுகளைப் பார்க்க வருகிறவர்கள், அங்கே தளக்கல் செய்யும் பட்டறைகளுக்குள்ளும் நுழைந்து பார்க்க முடிகிறது. கண்ணாடித் துண்டின் மேல் இரும்பு அச்சை வைத்து, பூ வடிவத்தின் அறைகளில் வண்ணக் கரைசலைக் கரண்டியால் ஊற்றி, அச்சைத் தூக்கி, மேலே மணலும் சிமென்டும் இட்டு நிரப்பி, காயவைத்துத் தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போடுகிறார்கள். பிறகு கண்ணாடியைக் கழற்றினால் மெருகேற்றாமலேயே தளக்கல் பளபளக்கிறது. பார்க்க வந்தவர் கேள்வி கேட்கிறார். தொழிலாளி கைவேலையை நிறுத்தாமலேயே பதில் சொல்கிறார். போகும்போது வந்தவர் தம் வீட்டுக்கு எத்தனை சதுர அடி வேண்டும் என்று கணக்குப் போடுகிறார். கலை பார்க்கப் போகும் பயணம் ஊருக்குள் பிழைப்பாக மாறும் வழி இதுதான். சுவாமிமலையின் வார்ப்புப் பட்டறைக்கும், சேலம் மாவட்டத்துத் தம்மம்பட்டி மரச் சிற்பிகளுக்கும், மதுரை விளாச்சேரியின் பொம்மைக் கலைஞர்களுக்கும் இது பொருந்தும். போகிறவர்களிடம் ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: நகரத்துக் கடையில் கேட்ட விலையைக் கொடுத்துவிட்டு, செய்தவரின் திண்ணையில் உட்கார்ந்து பேரம் பேசாதீர்கள்.

போக்குவரத்தைப் பற்றி இரண்டு சொல். சொந்தக் கார் இல்லாத ஒருவர் சித்தன்னவாசல், குடுமியான்மலை, நார்த்தாமலை மூன்றையும் ஒரே நாளில் பார்க்க நினைத்தால், பாதி நாள் பேருந்து நிறுத்தத்திலேயே கழிந்துவிடும். சனி, ஞாயிறுகளில் மட்டுமாவது புதுக்கோட்டைப் பேருந்து நிலையத்திலிருந்து காலையில் புறப்பட்டு, இந்த மூன்று ஊர்களிலும் நின்று, நார்த்தாமலையில் மாலை வெயிலைப் பார்த்துவிட்டுத் திரும்பும்படி ஒரு சுற்றுப் பேருந்தை அரசுப் போக்குவரத்துக் கழகம் விடலாம். குடிநீருக்கும் பெண்களுக்கான கழிப்பறைக்கும் மலையடிவாரங்களில் இன்னும் சரியான ஏற்பாடு வேண்டும். என்னோடு பணியாற்றிய ஆசிரியைகள் மாணவிகளை அழைத்து வரத் தயங்கியதற்குத் தூரமோ செலவோ காரணமாக இருக்கவில்லை, இதுதான் காரணம்.

மாவட்டத்துப் பள்ளிகளுக்கும் ஒரு வேண்டுகோள். சித்தன்னவாசல் பாடப்புத்தகத்தில் ஒரு மதிப்பெண் வினாவாக வருகிறது. அதற்கு விடை எழுதும் பிள்ளைகளில் பலர், 20 கிலோமீட்டர் தள்ளி வாழ்ந்தும், அதைப் பார்க்காமலேயே பள்ளிப் படிப்பை முடித்துவிடுகிறார்கள். சுற்றுலா என்றால் நீர் விளையாட்டுப் பூங்காவுக்குப் போவது என்று ஆகிவிட்டது. ஓவியப் பாட வேளைகளைக் கணக்குக்கும் அறிவியலுக்கும் விட்டுக்கொடுக்கச் சொல்லும் வழக்கமும் பல பள்ளிகளில் இருக்கிறது. ஆண்டுக்கு ஒரு நாள், ஒரே ஒரு நாள், வரைநோட்டோடு பிள்ளைகளை அந்த மண்டபத்தில் உட்கார வைத்தால் போதும். மேலே குறிப்பிட்ட, கதவைத் திறந்து காட்டும் பணிக்கு வருங்காலத்தில் வரவேண்டியவர்கள் அவர்களுக்குள்தான் இருக்கிறார்கள்.

தங்களிடம் கேட்பது இதுதான். தங்கள் ஞாயிறு இணைப்பில் வாரம் ஒரு சிற்றூரை எடுத்துக்கொண்டு, அங்கே என்ன கலை இருக்கிறது, எந்த நேரத்தில் வெளிச்சம் நன்றாக விழும், எந்தப் பேருந்தில் போகலாம், எங்கே சாப்பாடு கிடைக்கும், திறவுகோல் யாரிடம் இருக்கிறது என்பவற்றை ஒரு சிறு கட்டத்துக்குள் வெளியிடுங்கள். திறவுகோல் யாரிடம் என்று தெரியாத ஊர்களில், தெரியவில்லை என்றே அச்சிடுங்கள். அச்சில் வந்த பிறகு அறநிலையத் துறையோ தொல்லியல் துறையோ ஊராட்சியோ அதற்கு ஒரு விடை சொல்ல வேண்டிவரும். புதுக்கோட்டை மாவட்டத்து ஊர்களுக்கான விவரங்களைத் திரட்டித் தருவதை நானே ஏற்றுக்கொள்கிறேன். 11 ஊர்களுக்கான குறிப்புகள் இப்போதே என் கையில் தயாராக உள்ளன. அவற்றுள் நான்கில் திறவுகோல் வைத்திருப்பவரை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

அதுவரை, தங்கள் வாசகர்களில் யாரேனும் பிள்ளைகளோடு சித்தன்னவாசல் வருவதாகத் தங்கள் அலுவலகம் வழியாகத் தெரிவித்தால், எந்தச் சனிக்கிழமையானாலும் காலை ஒன்பது மணிக்கு அறிவர் கோயிலின் படியருகில் காத்திருக்கிறேன். தரையில் விரித்து உட்கார ஒரு துண்டு மட்டும் கொண்டுவரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வு பெற்ற ஓவிய ஆசிரியர்,
புதுக்கோட்டை மாவட்டம்.